அத்தைக்கு அப்பா கொடுத்த வேலை

இனிமேல் மனுஷன் வேலை செய்யத் தேவையே இருக்காதாம். போன வாரம் என் மகன் போனில் சொன்னான். எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளுமாம். ஜனங்களுக்கு மாசாமாசம் ஒரு தொகையைக் கையில் கொடுத்து வீட்டில் உட்கார வைத்துவிடுவார்களாம். உட்கார்ந்து சாப்பிட யாருக்கும்மா கசக்கும் என்று சிரிக்கிறான். எனக்கு வந்த எரிச்சலில் போனை வைத்துவிட்டேன். கசக்கும்டா. கசந்ததைப் பத்து வயதில் இந்தக் கண்ணால் பார்த்தவள் நான். பார்த்தேனே தவிர ஒரு மண்ணும் புரியவில்லை, அது வேறு விஷயம்.

எங்கள் வீடு பிள்ளையார்பாளையத்தில். பாதி வீட்டில் தறி, மீதியில் நாங்கள். அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கையான அத்தை. அத்தை கல்யாணமாகி மூன்று வருஷத்தில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, நான் பிறப்பதற்கு முன்பே ஒரு டிரங்குப் பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டவள். வந்த அன்றைக்கே நிபந்தனை போட்டாளாம். தறி வேலை செய்கிறேன், வெளி ஆளுக்கு என்ன கூலியோ அதைச் சனிக்கிழமை தவறாமல் என் கையில் கொடுத்துவிடு, இல்லையென்றால் வேறு வீட்டுத் தறிக்குப் போய்க்கொள்கிறேன் என்று. கூடப் பிறந்தவளுக்குக் கூலியா என்று அப்பா தாம்தூம் என்று குதித்தாராம். குதித்து என்ன பிரயோஜனம், கடைசியில் அவள் சொன்னதுதான் நடந்தது.

அந்தக் காலத்துத் தறியில் புடவைக் கரையில் ஒரு மயில் விழ வேண்டுமென்றால் இரண்டு ஆள் வேண்டும். தறிக்கு மேலே கொத்துக் கொத்தாகக் கயிறு கட்டியிருக்கும். எந்தக் கயிற்றை எப்போது இழுத்துப் பிடித்தால் மயிலுக்குக் கழுத்து வரும், எப்போது தோகை வரும் என்று தெரிந்தவர் பக்கத்தில் நிற்க வேண்டும். அந்த ஆள்தான் அத்தை. அவள் இழுப்பாள், அப்பா குறுக்கு நூல் வைத்த நாடாவை ஓடவிடுவார். பன்னிரண்டு வருஷம் இரண்டு பேரும் அப்படியே வேலை செய்தார்கள். பேச்சே இருக்காது. எப்போதாவது அப்பா தறிக்குழிக்குள் கால்கட்டையைத் தப்பாக மிதித்துவிட்டால் அத்தை, "தூங்கறியாண்ணா?" என்பாள். கூலி வாங்கும் ஆள் முதலாளியைக் கேட்கிற கேள்வியா அது?

சனிக்கிழமைக் கூலி அவளுடைய சொந்த ராஜ்யம். வெற்றிலை பாக்கு அதில், சீயக்காய் அதில், வெள்ளிக்கிழமை காமாட்சியம்மனுக்குப் பூ அதில், மாதம் ஒரு சினிமா அதில். அம்மாவுக்கு இதில் வயிற்றெரிச்சல். ஒரு முழம் பூவுக்கும் அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டியவள் அவள். "நானுந்தான் விடிஞ்சதுல இருந்து ஊடை நூல் சுத்திக்கினு கெடக்கறேன், எனக்கு எவன் கூலி குடுத்தான்?" என்று பாத்திரங்களிடம் கேட்பாள். நியாயமான கேள்விதான். பாத்திரங்களும் பதில் சொல்லவில்லை, அப்பாவும் சொல்லவில்லை.

அப்புறம் பெட்டி வந்தது. ஜக்கார்டு பெட்டி என்பார்கள். தெருவில் நாலைந்து வீட்டில் ஏற்கனவே வைத்துவிட்டார்கள். ஓட்டைப் பிரித்துக் கூரையை உயர்த்தித் தறிக்கு மேலே அதை ஏற்றினார்கள். துளை போட்ட அட்டைகள் மாலை மாதிரி அதில் தொங்கின. அப்பா காலால் மிதித்தால் போதும், எந்த இழை மேலே போக வேண்டும் என்று அட்டையே பார்த்துக்கொள்ளும். பக்கத்தில் ஆள் வேண்டாம். முதல் மயில் விழுந்ததும் தெருவே வந்து பார்த்தது. அத்தையும் பார்த்தாள். கழுத்து கொஞ்சம் விறைப்பா இருக்குது என்று மட்டும் சொன்னாள்.

அன்றைக்குச் சாயங்காலம் அப்பா அவளைக் கூப்பிட்டு, பெரிய வரம் கொடுக்கிறவர் போல, "இனிமே நீ கஷ்டப்பட வேணாம்மா. நான் இருக்கறேன். நிம்மதியா ஒக்காந்து சாப்புடு" என்றார். அத்தை காலில் விழுவாள் என்றே நான் நினைத்தேன். அவள், "அப்ப சனிக்கெழம?" என்றாள்.

"அது எங்க போவுது? எப்பவும் போல வாங்கிக்கோ."

"எதுக்கு?"

சனிக்கிழமை வந்ததும் அப்பா பணத்தை நீட்டினார். அத்தை இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். அடுத்த சனிக்கிழமையும் அதே கூத்து. சும்மா வருகிற காசை வேண்டாம் என்கிற மனுஷியை நான் அன்றுவரை பார்த்ததில்லை. எனக்கு ஒரு தடவை நீட்டியிருந்தால் தெரிந்திருக்கும்.

அதற்குப் பிறகு வீட்டில் நாங்கள் பட்ட பாடு இருக்கிறதே! அத்தை சும்மா உட்காரவே மாட்டாள். துலக்கிய பாத்திரத்தை எடுத்து மறுபடி துலக்குவாள். அம்மா சுற்றி வைத்த நூலைப் பிரித்துச் சரியாகச் சுற்றுகிறேன் என்று சுற்றுவாள். அம்மா ராட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இதையும் புடுங்கிக்காதம்மா என்று கத்துவாள். எழுதப் படிக்கத் தெரியாதவள் என் வாய்ப்பாட்டை வாங்கி வைத்துக்கொண்டு, நான் ஒப்பிப்பதைச் சரிபார்க்கிறேன் என்று தலையாட்டுவாள். என் தலைமுடியின் கதி இன்னும் மோசம். ஒரு நாளைக்கு நாலு தரம் அவிழ்த்து நாலு தரம் பின்னினாள். வலியில் என் கண் இரண்டும் மேலே போய்விடும். வேலையில்லாதவன் பூனையப் புடிச்சி செரைச்சானாம் என்று அம்மா சொல்வாள். பூனை நான்தான்.

மூன்றாவது வாரம் அப்பா ஒரு மூட்டையோடு வந்தார். மாம்பழ நிறத்தில் பட்டு நூல், ஒரே சிக்கு. சாயம் போட்ட இடத்தில் கெடுத்துவிட்டார்கள், பட்டுக்கடை முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், சிக்கெடுக்க நிதானமான கை வேண்டுமாம், தனிக் கூலி உண்டு, உன்னால் முடியுமா என்று அத்தையைக் கேட்டார். கேட்கும்போது அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை, மூட்டையையே பார்த்தார். அத்தை ஒரு பிடி நூலை எடுத்து விரலில் உருட்டினாள். ரொம்ப நேரம் உருட்டினாள். பிறகு, "முடியும்" என்றாள்.

அப்பாடா என்று இருந்தது. என் பின்னல் ஒரு நாளைக்கு ஒன்று என்று ஆனது. அம்மாவின் ராட்டை அம்மாவுக்கே திரும்பியது. அத்தை வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து இழை இழையாகப் பிரித்துச் சுற்றுவாள். சனிக்கிழமை அப்பா சுற்றிய நூலை எடுத்துக்கொண்டு போவார். வரும்போது கூலியும் அடுத்த மூட்டையும் வரும். அத்தை கையை நீட்டிக் கூலியை வாங்கிக்கொண்டாள். சாயக்காரனைத் திட்டவும் ஆரம்பித்தாள். கையில என்ன கட்டையா வெச்சிருக்கான் கட்டேல போறவன் என்பாள். அப்பா தலையைக் குனிந்துகொள்வார்.

கண்டுபிடித்தது நான். முதல் வாரமே பக்கத்தில் உட்கார்ந்து எழுதும்போது என் பேனாவிலிருந்து ஒரு சொட்டு நீல மை நூலில் விழுந்துவிட்டது. அடி விழும் என்று பயந்து அந்த இடத்தை உள்ளே தள்ளி மறைத்துவிட்டேன். மூன்றாவது மூட்டையைப் பிரிக்கும்போது அதே நீலப் பொட்டு எட்டிப் பார்த்தது. நான் திகைத்துப்போனேன்.

பள்ளிக்கூடம் லீவு விட்ட ஒரு சனிக்கிழமை மத்தியானம் மீதியும் விளங்கியது. அத்தை தெருக்குழாய்க்குத் தண்ணீருக்குப் போயிருந்தாள். அப்பா தறிக்குழியிலிருந்து மேலே வந்து, தட்டியின் பின்னால் உட்கார்ந்து, அத்தை சுற்றி வைத்த நூலையெல்லாம் மடியில் அவிழ்த்துப் போட்டு, இரண்டு கையாலும் பிசைந்துகொண்டிருந்தார். ஒரு இழை அறுந்தால் சோறு இறங்காத மனுஷர் அவர். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு பிசைந்தார். சரி, அம்மாவிடம் சொல்லலாம் என்று வாசலுக்கு ஓடினால், அம்மா நிலைப்படியில் நின்று குழாய்ப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தாள். எனக்கு எவன் கூலி கொடுத்தான் என்று கேட்ட அதே அம்மா காவல் நிற்கிறாள்!

எனக்குப் பைத்தியமே பிடித்துவிடும் போலிருந்தது. கொடுப்பதென்றால் கொடுத்துத் தொலைக்க வேண்டியதுதானே? நல்ல நூலைக் கெடுத்து, கெட்ட நூலைத் திருத்தி, திருத்தியதை மறுபடி கெடுத்து, இதற்குக் கூலி வேறா? பெரியவர்களுக்கு மூளையே கிடையாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். பின்னாளில் ஓர் அலுவலகத்தில் முப்பது வருஷம் கோப்புகளைக் கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டியவள் நான். அங்கே ஒருநாளும் இந்தக் கோபம் எனக்கு வரவில்லை, சம்பளம் வந்தது.

நாலு நாள் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் தெருவில் பெண்பிள்ளைகள் பாண்டி ஆட என்னைக் கூப்பிட்டார்கள். அத்தை என்னை எதிரே உட்கார வைத்து, என் இரண்டு மணிக்கட்டிலும் நூலை மாட்டிவிட்டு, ஆடாம இரு கண்ணு, வேலை கெடுது என்றாள். வெளியே கும்மாளம். எனக்கு மூக்கு அரிக்கிறது. சொறியக்கூட கை இல்லை. பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"இது ஒரு வேலையா அத்தே? பொய் வேலை! அப்பாதான் சிக்காக்கறாரு. சனிக்கெழம நீ தண்ணிக்குப் போறப்பல்லாம் ஒக்காந்து பெசையறாரு. எல்லா வாரமும் ஒரே நூலு. இதோ பாரு என் மை!"

தறிச் சத்தம் நின்றுபோனது. அடுப்படியிலிருந்து அம்மா கரண்டியோடு வந்து நின்றாள். அத்தை என் மணிக்கட்டில் இருந்த நூலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"தெரியும்டி" என்றாள். "மொத நாளே தெரியும். என் வெரலுக்குத் தெரியாதா?"

தெரியுமாம்! அப்படியென்றால் நான் என்ன புதிதாகக் கெடுத்துவிட்டேன்? அவளுக்குத் தெரிந்ததைத்தானே சொன்னேன்? ஆனால் அத்தையின் முகம் செத்துப்போய்விட்டது. அந்த நூலைக் கடைசி இழைவரை பிரித்து, சுற்றி, முடிச்சுப் போட்டுத் தறியின் மேல் வைத்தாள். நான் பாண்டி ஆடப் போகவில்லை. போகவேண்டாம் என்று யாரும் சொல்லவுமில்லை.

மறுநாள் காலையில் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். நாலு தெரு தள்ளி ஒரு வீட்டில் இன்னும் பழைய கயிற்றுத் தறிதானாம், இழுக்க ஆள் தேடுகிறார்களாம், பின்கட்டில் தங்கிக்கொள்ளலாமாம். அப்பா வழியை மறித்து நின்றார். அவர் கண்ணில் தண்ணீர் நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"எவ்ளோ நாளைக்கும்மா? அந்த வீட்டுக்கும் நாளைக்குப் பெட்டி வந்துடும்."

"வரட்டும். வந்தா வேற வீடு பாத்துக்கறேன்."

"கூடப் பொறந்தவள வெச்சி சோறு போட முடியலன்னு ஊரு பேசாதா?"

"வேலைக்குப் போறான்னு பேசும். பேசட்டுமே."

போய்விட்டாள். அதோடு வீட்டில் என்னோடு பேச்சு நின்றது. அப்பா ஒரு வாரம் என் முகத்தைப் பார்க்கவில்லை. அம்மா என் தொடையில் கிள்ளிய இடம் கன்றிப்போயிருந்தது. உண்மையைச் சொன்னால் நல்லது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருகிறார்கள், வீட்டில் கிள்ளுகிறார்கள். யாரை நம்புவது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசலில் செருப்புச் சத்தம். அத்தை! தலைநிறையப் பூ மட்டும்தான் இல்லை, முகம் அப்படி இருந்தது. எனக்குக் காராசேவு, அம்மாவுக்கு ஒரு கவுளி வெற்றிலை, அப்பாவுக்கு மூக்குப்பொடி. முதல் வாரக் கூலியாம். அப்பா வாங்கி முகர்ந்தார், தும்மினார், கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அம்மா இலை போட்டாள். கத்தரிக்காய்க் குழம்பு. அத்தை ஒரு வாய் வைத்தாள், நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஏன் அண்ணி, கொழம்புல உப்பே இல்லியே? நாக்கு செத்துப்போச்சா உனக்கு?"

நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அம்மாவின் குழம்பைக் குறை சொல்லிவிட்டு இந்த வீட்டில் யாரும் தப்பித்ததில்லை. அப்பாவே வாயைத் திறக்கமாட்டார். பெட்டி வந்ததிலிருந்து அத்தையும் இலையில் போட்டதைத் தின்றுவிட்டுக் கைகழுவியவள்தான், ஒருநாள் ஒரு சொல் சொன்னதில்லை. இப்போது நாலு தெரு தள்ளிப்போய்விட்டு வந்து உப்பில்லை என்கிறாள். சரி, கரண்டி பறக்கப் போகிறது என்று நினைத்தேன்.

அம்மா சிரித்தாள். விழுந்து விழுந்து சிரித்தாள். உப்பு ஜாடியைக் கொண்டுவந்து டங்கென்று அத்தையின் இலைக்குப் பக்கத்தில் வைத்து, "வேணுங்கற அளவுக்குப் போட்டுக்கோம்மா தாயே" என்றாள். அத்தை போட்டுக்கொண்டு இன்னும் இரண்டு கரண்டி குழம்பு கேட்டு வாங்கினாள். அப்பாவும் சிரித்தார். மூன்று பேரும் சிரிக்கிறார்கள், எனக்கானால் எரிச்சல் தாங்கவில்லை. அன்றைக்குக் குழம்பில் உப்பு சரியாகத்தான் இருந்தது. நான் தொட்டுப் பார்த்தேனே.