டொக்டர் கேட்ட கேள்வி

கல்குடாவில் எங்கள் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் ஒரே டொக்டரிடம்தான் போவோம். போன மாரியில் என் கணவருக்கு ஓயாத வயிற்றுவலி. வள்ளத்தைக் கரையில் ஏற்றிவிட்டு, கடலுக்கே போகாமல் படுத்துக் கிடந்தார். டொக்டர் தந்த மருந்திலும் குறையவில்லை.

மறுபடியும் கூட்டிப்போனேன். டொக்டர் கேட்டதற்கெல்லாம் வழக்கம்போல நானே பதில் சொன்னேன். "நித்திரையும் இல்ல, சாப்பாடும் இறங்குதில்ல டொக்டர்."

"கொஞ்சம் பொறுங்க தங்கச்சி, அவர் சொல்லட்டும்" என்றவர், கதிரையை என் கணவர் பக்கம் இழுத்துப் போட்டு மெதுவாகக் கேட்டார்: "சாகணும் எண்டு நினைப்பு வருதா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "வயித்துவலி எண்டு வந்தவரிட்ட இதென்ன கேள்வி டொக்டர்?"

என் கணவர் தலை நிமிரவில்லை. "ஓம் டொக்டர். கன நாளா."

டொக்டர் பதறவில்லை. வெளியே காத்திருந்தவர்களைப் பொறுக்கச் சொல்லிவிட்டு, அவர் பேசி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். கூடக் கடல் தொழில் செய்த அவருடைய தம்பி நோயில் இறந்ததும், பிறகு இவர் தனியே கடலுக்குப் போனதும் எனக்குத் தெரிந்தவைதான். அது அவரை எவ்வளவு அழுத்தியது என்பதுதான் தெரியவில்லை. ஆஸ்பத்திரி மனநல டொக்டருக்குத் தானே போனில் கோல் எடுத்துச் சொல்லி, அன்றைக்கே எங்களை அனுப்பிவைத்தார்.

இப்போது என் கணவர் தேறிவிட்டார், தொழிலுக்கும் போகிறார். ஒருநாள், "ஏன் என்னட்டச் சொல்லல்ல?" என்று கேட்டேன்.

"நீ வயிறு நோகுதா எண்டுதானே கேட்ட" என்றார்.

அவர் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் ஒரே பாயில் என் பக்கத்தில் படுத்திருந்தவர், வேறொருவர் வந்து கேட்கும்வரை காத்திருந்தாரே என்பது என்னை இன்னும் வாட்டுகிறது.