முப்பத்திரண்டு ஆட்டங்கள்

மொன்றியலின் பியர்பொன்ட்ஸ் பகுதியிலிருந்த அந்த வீட்டின் பிரிட்ஜ் கதவில் ஏப்ரல் மாதத்திலிருந்து ஒரு தாள் ஒட்டியிருந்தது. எஸ்தோனியாவின் இரண்டாம் பிரிவு உதைபந்தாட்ட லீக்கில், கடலோரச் சிறு நகரமொன்றின் அணிக்கு அந்த வருடம் மிச்சமிருந்த முப்பத்திரண்டு ஆட்டங்கள். அந்த அணிக்கு விளையாடப் போன ஜெராட், விசா பிந்தியதால், அங்கே சேர முதலே நாலு ஆட்டம் போய்விட்டது.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எதிரே அவனுடைய தாய் றோசா நீலப் பேனையால் மொன்றியல் நேரத்தை எழுதியிருந்தாள். அங்கத்தைய நேரத்தில் ஏழு மணித்தியாலத்தைக் கழிக்கச் சொல்லியிருந்தான் மகன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசையால் வந்த உடுப்போடு மேசையில் இருந்து, முப்பத்திரண்டையும் ஒரே மூச்சில் கழித்து முடித்தாள். தொடங்கிய வேலையை இடையில் விட்டு எழும்புகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

மன்னாரிலிருந்து வந்து இருபத்தாறு வருடம். அதில் பத்தொன்பது வருடம் புவாண்ட்-கிளேரில் ஒரு மருந்துப் பொருள் களஞ்சியத்தில், தட்டுத் தட்டாகப் பெட்டி எடுத்து வைக்கிற வேலை. வலது தோள் இப்போது அவளுடைய சொல்லைக் கேட்பதில்லை. இலையுதிர் காலத்தில் சனிக்கிழமையும் வேலைக்குப் போக வேண்டும். ஆட்டம் உள்ள சனிக்கிழமைகளில் ஒன்பதரைக்கு வந்தால் போதும் என்று சுப்பர்வைசர் சில்வியிடம் பிரெஞ்சும் கையுமாகக் கதைத்து வாங்கியிருந்தாள். ஏழு மணி ஆட்டம் ஒன்பதுக்கு முடிந்துவிடும். கணக்குச் சரி.

ஆட்டத்தை அரிசி வாளியில் சாய்த்து வைத்த போனில்தான் பார்ப்பாள். மைதானத்தில் ஒரேயொரு கமரா, கம்பத்தில் கட்டியது. பார்க்க வருபவர்கள் நூறு நூற்றைம்பது பேர்; நாயோடு ஒரு மனிதர் தவறாமல் வருவார். ஜெராட் இடப்பக்கத் தடுப்பாட்டக்காரன். அதனால் ஒரு பாதியில் தூரத்துக் கோட்டோரம் எறும்பு மாதிரி ஓடுவான், மற்றப் பாதியில் கமராவின் காலடியில் ஓடுவான். கிட்ட வருகிற பாதிக்காகத்தான் அவள் விடிய எழும்புவது. பந்து எங்கே போகிறதென்று பார்க்கமாட்டாள். கழுத்தெலும்பு தெரிகிறதா என்று பார்ப்பாள். ஓகஸ்டில் தெரிந்தது.

அந்த ஓகஸ்டில்தான் அவன் சொன்னான்.

“கடைசியா வாற டீம் கீழ இறங்கும் அம்மா. இறங்கினா வெளிநாட்டுப் பெடியளை வச்சிருக்கமாட்டாங்கள், நான் வந்து எலக்ட்ரீசியன் கோர்ஸைப் படிக்கிறன். இறங்காட்டி இன்னும் ஒரு வருசம் தருவாங்கள்.”

“நல்லா விளையாடு தம்பி,” என்றாள் றோசா. அடுத்த செவ்வாய்க்கிழமை அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தி, பிள்ளையைத் திருப்பித் தரும்படி கேட்டாள். காணாமற் போனதைத் தேடித் தருகிறவர், இதையும் செய்வார். கணவன் அருமைராசாவுக்கு மூச்சும் விடவில்லை.

ஆனால் எதிரணி பந்தோடு வரும்போது, “விடாதை, மறி, மறி!” என்று அகப்பையோடு துள்ளுவதும் அவளேதான்.

கடைசி ஆட்டம் நவம்பர் முதலாம் திகதி, சகல புனிதர் திருநாள், சனிக்கிழமை. அணி கடைசிக்கு ஒரு படி மேலே நின்றது. சமன் செய்தால் தப்பும். தோற்றால் இறங்கும்.

ஏழு மணிக்குப் போனைத் திறந்தாள். கறுப்பு. மூடித் திறந்தாள். கறுப்பு.

“இஞ்சருங்கோ! எழும்புங்கோ, இது வேலை செய்யுதில்லை!”

பாடசாலை பஸ் ஓட்டுகிற அருமைராசாவுக்குச் சனிக்கிழமை ஒன்றுதான் நித்திரை. போர்வையோடு வந்து தாளைப் பார்த்தார்.

“அங்க ரெண்டு மணிக்கெல்லே மேட்ச். இப்ப அங்க ஒரு மணி. போன கிழமையே அவங்கள் மணிக்கூட்டை மாத்திப்போட்டாங்கள். எங்களுக்கு நாளைக்குத்தான். இந்த ஒரு கிழமை ஆறு மணித்தியாலம்.”

“தெரிஞ்சுகொண்டோ இருந்தனீங்கள்?”

“நீர் கேட்டனீரே?”

“வாயிலை கொழுக்கட்டையே வச்சிருந்தனீங்கள்? ஒன்பதரைக்கு நான் அங்க நிக்கவேணும்!”

“சில்விக்கு ஒரு போன் அடியும்.”

“பத்தொன்பது வருசத்திலை நான் ஒரு நாள் பிந்தினதில்லை.”

எட்டு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. முதல் பாதியில் ஜெராட் தூரத்துக் கரையில் ஓடினான். இருபதாவது நிமிடத்தில் எதிரணி ஒரு கோல் போட்டது. இடைவேளையோடு சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு காரில் ஏறினாள். அருமைராசா ஓட்ட, போன் மடியில் இருந்தது. இரண்டாம் பாதியில் மகன் கிட்ட வந்தான். வியர்வை தெரிந்தது. அந்த ஊர்ப் பாஷையில் யாரையோ ஏசினான். களஞ்சிய வாசலில் கார் நின்றபோது இன்னும் இருபது நிமிடம் மிச்சம். 0–1.

“இறங்குமப்பா, பிந்துது. நான் பாத்துச் சொல்லுறன்.”

போனை வெளி லொக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போகலாம். பதினொன்றரை வரைக்கும் அவள் பெட்டி எடுத்தாள். தோற்றிருப்பார்கள் என்றுதான் கை சொன்னது. அவனுடைய அறையிலிருந்து தையல் மெசினையும் அரிசி மூட்டைகளையும் கீழே இறக்க வேண்டும். மெத்தையை வெயிலில் போட முடியாது, நவம்பர். கோர்ஸுக்கு விண்ணப்பம் எப்போதென்று சினேகிதி செல்வமலரின் மகனைக் கேட்க வேண்டும். இதையெல்லாம் நினைக்க நினைக்கத் தோள் நோகவில்லை. அது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

வேலை இடைவேளையில் வெளியே வந்து போனைத் திறக்கவும் ஜெராட் அழைக்கவும் சரியாக இருந்தது.

“அம்மா, ஒண்டுக்கொண்டு, இறங்காமல் நிண்டிட்டம்! எண்பத்தாறாவது நிமிசம், நான் குடுத்த பந்துதான்! பாத்தனீங்களோ?”

“இல்லையடா. வேலை.”

“பரவாயில்லை, வீடியோ போடுவாங்கள். ஏன் ஒரு மாதிரிக் கதைக்கிறியள்?”

“களைப்பு. சந்தோசம் தம்பி. சாப்பிட்டனியே?”

“இன்னும் கொண்டாட்டம் முடியேல்லை, பேந்து சாப்பிடுறன்.”

பின்னேரம் காரில் ஏறியதும் அருமைராசா அவளுடைய முகத்தைப் பார்த்தார்.

“டீம் இறங்கவேணுமெண்டுதானே நீர் கும்பிட்டனீர்?”

“ஆர் சொன்னது?”

“செவ்வாய்க்கிழமை நானும் அந்தக் கோயிலுக்குத்தான் போறனான். உம்மடைக்குப் பக்கத்திலை எரிஞ்ச ரெண்டாவது மெழுகுதிரி என்ரை. நிக்கவேணுமெண்டு.”

“பாவம் அந்தோனியார்,” என்றாள் றோசா. இருவரும் சிரிக்கவில்லை. அருமைராசா ஹீட்டரைக் கூட்டிவிட்டு வீட்டுப் பக்கம் காரைத் திருப்பினார்.

மறுநாள் மொன்றியலுக்கும் மணி பின்னால் போனது. பூசைக்கு முன் ஒரு மணித்தியாலம் சும்மா கிடைத்தது. றோசா தேத்தண்ணியோடு இருந்து, பார்க்காமல் விட்ட இருபது நிமிடத்தைப் பார்த்தாள். முடிவு தெரிந்த ஆட்டம் என்றதால், அவனை மட்டும் ஆறுதலாகப் பார்க்க முடிந்தது. எண்பத்தாறில் எல்லாரும் கோல் போட்டவனின் மேல் விழுந்தார்கள். ஜெராட் போகவில்லை. கமராவுக்குக் கீழே கோட்டோரமாகக் குந்தி, முழங்காலில் கையை ஊன்றி மூச்சு வாங்கினான். களஞ்சியத்தில் தட்டு மாற்றும் இடைவெளியில் அவளும் அப்படித்தான் குந்துவாள். நாய்க்கார மனிதர் தடுப்புக்கு மேலால் எட்டி அவனுடைய முதுகில் தட்டினார். அவன் எழும்பித் தன்னுடைய இடத்துக்கு ஓடினான்.

கழுத்தெலும்பு இன்னும் தெரிந்தது.

“அவன்ரை அறையிலையிருந்து இறக்கவேணுமெண்டு முந்திச் சொன்னனீர், தையல் மெசினை இறக்கவோ?” என்று கேட்டார் அருமைராசா.

“இருக்கட்டும், அங்கேயே.”

அவள் எழும்பிப் போய்த் தாளைக் கழற்றினாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. ‘மணி மாறும் கிழமைகள், மார்ச், ஒக்டோபர் கடைசி: ஆறு’ என்று எழுதித் திருப்பி ஒட்டினாள். இன்னும் ஒரு வருடம் விடிய எழும்ப வேண்டும். தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது, அதை அப்படியே குடித்துவிட்டுச் சேலை மாற்றப் போனாள்.