எர்த் கம்பிக்கு ஒரு குடம்

மலைமேல் அட்டுவம்பட்டியில் எங்கள் வரிசை வீடுகளுக்கு முதலில் வந்த ரேடியோ பரமானந்தத்தினுடையது. வருஷம் ஐம்பத்தெட்டோ ஐம்பத்தொன்பதோ. திருகியவுடன் பாடிவிடாது. உள்ளே வால்வு சூடேற வேண்டும். சுட்ட மரமும் தூசியும் கலந்த ஒரு வாசனை வரும். பிறகுதான் கிணற்றிலிருந்து ஏறி வருவதுபோல் குரல் வரும். தொட்டதும் பாடுகிற இன்றைய பெட்டிகளை நான் முகர்ந்து பார்த்துவிட்டேன். ஒன்றுமில்லை.

அந்த ரேடியோவில் ஒரு பாட்டையும் முழுதாகக் கேட்காத ஒரே ஆள் பரமானந்தத்தின் மனைவி அடைக்கலமேரி.

மிஷன் விடுதியில் கம்பளி துவைப்பது அவள் வேலை. ஈரக் கம்பளியின் கனம் மார்கழிக் குளிரில் பிழிந்தவர்களுக்குத்தான் தெரியும். அவள் பிழிந்த தண்ணீரில் ஒரு வருஷம் ஏரியே கரை தாண்டியது. சரி, பாதி நம்புங்கள். வீடு திரும்பியதும் பள்ளத்து ஊற்றிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமப்பாள். அவளுக்கு ஒரே ஆசை. ஞாயிற்றுக்கிழமை சிலோன் பாட்டு ஒன்றை, உட்கார்ந்தபடி, முதலிலிருந்து கடைசிவரை கேட்க வேண்டும்.

எர்த் கம்பி விட்டால்தானே. ரேடியோவின் முதுகிலிருந்து ஜன்னல் வழியாக இறங்கி, அடுப்படிக்குப் பின்னால் மண்ணுக்குள் போகும் கம்பி அது. மண் ஈரமாக இருந்தால் பாட்டு தெளியும், காய்ந்தால் கரகரக்கும். மாசி, பங்குனியில் காய்ந்தே கிடக்கும். வீடு நிறைய அக்கம்பக்கத்தார் உட்கார்ந்திருக்க, பல்லவி தாண்டியதும் கரகரப்பு தொடங்கும். பரமானந்தம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

"ஏ மேரி, எர்த்துக்கு ஒரு செம்பு ஊத்து."

ஊற்றிவிட்டு வருவதற்குள் வேறு பாட்டு. அந்த ஈரத்தில் ஒரு சௌசௌ கொடி ஏரியல் கம்பம்வரை ஏறிவிட்டது. காயைக் காதில் வைத்தால் செய்தி கேட்கும் என்றார்கள். எனக்கு வானிலை மட்டும் கேட்டது.

ஒரு ஞாயிறு, மேரி வாசலிலேயே எல்லோரையும் நிறுத்தினாள். இனிமேல் ஆளுக்கொரு குடம் தண்ணீர் கொண்டுவர வேண்டும். தன் வீட்டுத் தண்ணீர் கம்பிக்குச் சலித்துவிட்டது, பல வீட்டுத் தண்ணீர் சேர்ந்தால்தான் சிலோன் தெளியும் என்றாள்.

"குடங்குடமா குடிக்குமாக்கும் அந்தக் கம்பி?" என்றாள் பக்கத்து வீட்டுப் பாப்பம்மாள்.

"என்னைய ஏன் கேக்குற? டீச்சரக் கேளு."

விஞ்ஞானம் நடத்துகிறவள் நான். புத்தகத்திலேயே அப்படித்தான் போட்டிருக்கிறது என்றேன்.

அடுத்த ஞாயிறு குடங்கள் வரிசையாக மேடேறி வந்தன. கம்பிக்கு ஒரு செம்பு. மிச்சமெல்லாம் மேரியின் தொட்டிக்கு. ஊற்றுக்குப் போகும் சோலி அன்று இல்லை. சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்தாள். வால்வு சூடேறியது. பாட்டு எழுந்தது. பல்லவி முடியுமுன் அவள் தலை பாப்பம்மாளின் தோளில் சரிந்தது.

கரகரப்பு வந்தது.

"ஏ மேரி..."

"மெதுவாண்ணே. இப்பத்தான் கண்ணசந்தா. நீங்களே வெரசா போயி ஊத்திட்டு வாங்க" என்றாள் பாப்பம்மாள்.

பரமானந்தம் அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். செம்பை எடுத்துக்கொண்டு மூடுபனிக்குள் போனார். பாட்டு தெளிந்தது, முடிந்தது, அவளுக்குத் தெரியாது.

கம்பி குடம் குடமாகக் குடிக்காது என்பது ஒரு வாரத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அடுத்த ஞாயிறும் குடங்கள் வந்தன. அவளும் பல்லவிக்குள்ளேயே தூங்கிப்போனாள்.