இரண்டாம் முறை வலையில் விழுந்த நெத்தலி

சிலாவத்துறையில் ஜெஸ்லியாவைத் தெரியாதவர்களுக்கும் அவளுடைய சிரிப்பைத் தெரியும். சந்தையில் ஆள் கண்ணுக்குப் படுவதற்கு முன்னே சிரிப்பு வந்து சேர்ந்துவிடும். அவள் கணவன் ஜுனைதீன் ஓட்டும் ஓட்டோவின் சத்தத்தையும் அது மேவிவிடும் என்பார்கள்.

சண்டைக் காலத்தில் உம்மாவின் இடுப்பில் இருந்தபடி ஊரை விட்டுப் புத்தளத்துக்குப் போனவள், தன் இடுப்பில் ஒரு பிள்ளையும் கையில் ஒரு பிள்ளையுமாகத் திரும்பி வந்தாள். வந்தபோது வீடு இருந்த வளவு முழுக்கப் பற்றைக்காடு. அதை வெட்டி, வீடு கட்டி, பின்பக்கத்தில் கம்பு நட்டு, மேலே வலையை இழுத்துக் கட்டி, மீன் காயவைக்க வலைக்கட்டில் ஒன்று போட்டாள். பக்கத்துக் கடலோர ஊரான அரிப்பில் படகு வைத்திருந்த அருளம்மாவிடம் நெத்தலி வாங்கி அந்தக் கட்டிலில் காயவைத்தாள். உப்பு கூடாது, குறையாது. மணல் ஒரு பொட்டும் இராது.

"ஜெஸ்லி, எங்கட மீனை நீ காயவைச்சா எங்களுக்கே அடையாளம் தெரியாது" என்பாள் அருளம்மா.

காயவைப்பது சுலபம். அதை விற்கிற இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பெரும்பாடு. பத்திரிகைத் தாளில் சுற்றினால் எண்ணெய் ஊறும். சாக்கில் கட்டினால் ஈரம் இறங்கும். ஐப்பசி மழை தொடங்கிவிட்டால், வெயிலில் வெள்ளியாக மின்னிய நெத்தலி, நனைந்த பஞ்சு மாதிரித் துவண்டு கிடக்கும்.

ஒருநாள் அக்குறணையில் இருக்கும் சொந்தக்காரருக்கென்று ஒரு மூட்டை கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். பஸ் முருங்கனை நெருங்குமுன்பே ஜன்னல்கள் எல்லாம் திறந்துவிட்டன. ஒருவர் மூக்கைப் பொத்தினார். புதுச்சேலை கட்டிய ஒரு பெண் எழுந்து முன்னுக்குப் போய்விட்டாள். கண்டக்டர் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

"ராத்தா, கோவிக்காதேங்கோ. ஒண்டில் நீங்கள் இறங்கோணும், இல்லாட்டி இந்த மூட்டை இறங்கோணும்."

"நாங்கள் ரெண்டு பேரும் சோடியா வந்தனாங்கள், தம்பி. சோடியாவே இறங்கிறம்" என்று சிரித்தபடி ஜெஸ்லியா முருங்கன் சந்தியில் இறங்கிக்கொண்டாள்.

இறங்கிய கையோடு மழை பிடித்தது. மூட்டையை இழுத்துக்கொண்டு ஒரு பெட்டிக்கடையின் தாழ்வாரத்தில் ஒதுங்கினாள். சாக்கு நனைந்து நெத்தலி ஊறுவதைப் பார்த்தபோது, அவளுக்கே சிரிப்பு வரவில்லை. அப்போதுதான் தலைக்கு மேலே சரம்சரமாகத் தொங்கிய கடலைப் பக்கற்றுகளைக் கண்டாள். கூரைத் தண்ணீர் அவற்றின் மேல் விழுந்து, ஒட்டாமல் வழிந்துகொண்டிருந்தது. ஒன்றை வாங்கிப் பிரித்து வாயில் போட்டாள். கடலை நொறுங்கியது.

"இவ்வளவு மழையிலயும் நமத்துப் போகவே இல்லையே!" என்று கடைக்காரரிடம் வியந்தாள்.

"பொலித்தீனுக்குள்ள இருக்கிற கடலைக்கு மழை பெய்யிறது எப்பிடித் தெரியும்?" என்றார் அவர்.

அடுத்த நாளே மன்னார் பட்டினத்தில், பொலித்தீன் விற்கும் சனூன் நானாவின் கடையில் போய் நின்றாள். சனூன் பேச்சுப் பிரியர். மெல்லிய சுருள் ஒன்றை எடுத்துக் காட்டி, "இது பேக்கரிப் பாணுக்குச் சரி. உங்கட நெத்தலித் தலை இதைக் குத்திப்போடும்" என்று ஒதுக்கினார். பிறகு தடிப்பான சுருள் ஒன்றில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார்.

"இழுத்துப் பாருங்கோ."

இழுத்தாள். அது சவ்வுமிட்டாய் போல நீண்டதே தவிரக் கிழியவில்லை.

"பசையும் வேண்டாம், நூலும் வேண்டாம். சூடு காட்டினா தன்னோட தானே ஒட்டிக்கொள்ளும். கண்ணாடிப் போத்திலில போட்டா எவ்வளவு பாரம்? இது காத்து மாதிரி. வாங்கிற ஆளுக்கு உள்ளுக்கு இருக்கிற மீனும் தெரியும், நீங்கள் பழசை ஒளிக்கவும் ஏலாது" என்று கண்ணடித்தார் சனூன்.

பை ஒட்டும் மெசின் வாங்க அப்போது வசதி இல்லை. அதனால் பையின் வாயை மடித்து, இரும்பு வெட்டும் வாளின் அலகு ஒன்றை அதன் ஓரத்தில் வைத்து, வெளியே நீட்டிய விளிம்பை மெழுகுதிரிச் சுடரில் ஓட்டி ஒட்டினாள். முதல் பைகள் எல்லாம் பொசுங்கி ஓட்டையாகின. வீட்டுக்கு வந்த ஜுனைதீன் மெழுகுதிரியையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தான்.

"என்ன, நெத்தலிக்குப் பிறந்தநாளா?"

"ஓம். இருந்து பாட்டுப் பாடுங்கோ" என்றாள் அவள்.

கை பழகியதும் ஒட்டு நேராக விழுந்தது. ஒரு பையை வாளித் தண்ணீரில் அமுக்கி, மேலே கல் வைத்துவிட்டுத் தூங்கப் போனாள். விடிந்து பிரித்துப் பார்த்தபோது நெத்தலி சலசலத்தது. அன்றைக்கு வளவில் எழுந்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ஆடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியதாக ஜுனைதீன் இன்றைக்கும் சொல்லித் திரிகிறான்.

ஆனாலும் ஒருமுறை நன்றாகச் சறுக்கினாள். பெருநாள் அவசரத்தில், வெயிலிலிருந்து அள்ளிய சூட்டோடு, சரியாகக் காயாத மீனைப் பையில் போட்டு ஒட்டிவிட்டாள். பையின் உட்பக்கம் வியர்த்தது. சில நாளில் பூஞ்சணம் பிடித்தது. வாங்கிய கடைக்காரர்கள் திருப்பி அனுப்பிய பைகளை எல்லாம் முன்னே பரப்பிவைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தாள்.

"பொலித்தீனில பிழையில்ல" என்றாள் கடைசியில் கணவனிடம். "நான் குடுத்த ஈரத்தை அது கவனமா வைச்சிருந்திருக்கு. வெளித்தண்ணியை உள்ள விடாதது, உள்தண்ணியை மட்டும் வெளியில விடுமா?"

அதற்குப் பிறகு நன்றாகக் காய்ந்து, நன்றாக ஆறிய மீன் மட்டுமே பைக்குள் போனது. பைகளைக் கடதாசிப் பெட்டியில் அடுக்கி மீண்டும் பஸ் ஏறினாள். பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பெரியவர் அதன் மேலே தலையைச் சாய்த்து, வவுனியா வரைக்கும் குறட்டை விட்டார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இதைக் கேட்டபின் ஜுனைதீன், பழைய ஓட்டோவுக்குப் புது இருக்கை போட வைத்திருந்த காசில், கரண்டில் வேலைசெய்யும் ஒட்டு மெசினை வாங்கிவந்து அவள் மடியில் வைத்தான்.

பிறகு வந்த ஒரு கார்த்திகையில் அருவி ஆறு பெருகியது. ஊர்ச்சனம் பள்ளிக்கூடத்தில் போய் ஒதுங்கினார்கள். அரிப்பிலிருந்து அருளம்மாவின் குடும்பமும் வந்து சேர்ந்தது. மழை விட்டதும் ஜெஸ்லியாவும் அருளம்மாவும் இடுப்பளவு தண்ணீரில் வளவைப் பார்க்கப் போனார்கள். காய்ந்த மீனை அடுக்கிவைக்கும் கொட்டிலின் கதவு வெள்ளத்தோடு போயிருந்தது. சாக்கில் வைத்திருந்த சூடைக் கருவாடு முழுவதும் கரைந்து நாறியது. ஜெஸ்லியா தலையில் கை வைத்தாள்.

"ஜெஸ்லி, அங்க பார்!" என்று கத்தினாள் அருளம்மா.

வேலியோரத்தில், தென்னைமட்டைகளுக்கு இடையே, ஒட்டிவைத்த நெத்தலிப் பைகள் கூட்டமாக மிதந்துகொண்டிருந்தன. உள்ளே இருந்த காற்று அவற்றைத் தாழவிடவில்லை. எட்டிப் பிடிக்கப் போனால் அலை தள்ளிக்கொண்டு போனது. ஜெஸ்லியா வலைக்கட்டிலின் வலையை அவிழ்த்து ஒரு முனையைத் தான் பிடித்தாள். மறுமுனையை அருளம்மா பிடித்தாள். இருவரும் வளவைச் சுற்றி வளைத்தார்கள்.

"இந்த நெத்தலியை எங்கட ஆள் கடலில ஒருக்காப் பிடிச்சவர். இப்ப நாங்கள் ரெண்டாந்தரம் பிடிக்கிறம்" என்று அருளம்மா தொடங்க, ஜெஸ்லியா சிரிப்புத் தாங்காமல் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பள்ளிக்கூடத்தில் சுகாதாரப் பரிசோதகர் நிரூபன் பைகளை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார். கிழிந்தவற்றை எறியச் சொன்னார்.

"ஒட்டு விடாதது எல்லாத்தையும் வடிவாச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, குளோரின் தண்ணியில தோய்ச்சு எடுங்கோ. பிறகு வெட்டலாம். எனக்கும் ஒரு கரண்டி வையுங்கோ, அக்கா."

பேர் எழுதிய தாள்கள் எல்லாம் கழன்று போயிருந்தன. பரவாயில்லை, உள்ளே என்ன இருக்கிறதென்று கண்ணுக்கே தெரிந்தது. அன்றைக்கு மத்தியானம் சுடுசோற்றோடு வெங்காயமும் மிளகாயும் போட்டுப் பொரித்த நெத்தலி பரிமாறப்பட்டது. நாள்கணக்கில் பருப்பும் சோறும் தின்று சலித்த சனம் சட்டியைச் சுரண்டியது.

வெறும் பைகளைச் சிலர் வெள்ளத்தில் வீசப் பார்த்தபோதுதான் ஜெஸ்லியாவுக்குக் கோபம் வந்தது.

"அது கடலுக்குப் போனா அருளக்காட வலையிலதான் வந்து சிக்கும். இஞ்ச கொண்டாங்கோ!"

வாசலில் ஒரு சாக்கைக் கட்டி எல்லாவற்றையும் சேர்த்தாள். கழுவிக் காயவைத்துக் கொடுத்தால், உருக்கி வாளி செய்கிறவர்களுக்கு அனுப்புவதாகச் சனூன் ஒப்புக்கொண்டார்.

வெள்ளம் வடிந்தபிறகு அவளுக்கு ஆள்வைத்துச் செய்கிற அளவுக்கு வேலை கூடியது. அதற்கிடையில் அருளம்மாவின் கணவர் பிலேந்திரன் ஒருநாள் கூச்சத்தோடு வந்து நின்றார். "தங்கச்சி, இதையும் ஒருக்கா ஒட்டித் தாறியா?" என்று தன் கைத்தொலைபேசியை நீட்டினார். கடல்தண்ணீர் பட்டு இதற்கு முன் மூன்று போன் செத்துவிட்டதாம். ஜெஸ்லியா அதைப் பைக்குள் போட்டு, சூடு படாமல் தள்ளிப்பிடித்து ஒட்டிக் கொடுத்தாள்.

மறுநாள் காலை அவளுடைய போன் அடித்தது. பின்னணியில் படகு இயந்திரம் இரைந்தது.

"தங்கச்சி, பையைப் பிரிக்காமத்தான் பேசிறன், கேக்குதா? நெத்தலி வெள்ளி மாதிரிக் குவிஞ்சு கிடக்கு. ஜுனைதீனை ஓட்டோவோட கரைக்கு வரச்சொல்லு!"

"கேக்குது அண்ணா, கேக்குது! நானும் வாறன்!" என்று கத்திக்கொண்டே, முக்காட்டை இழுத்து விட்டபடி அவள் வேலிப் படலைக்கு ஓடினாள்.