தங்கையின் பாவாடையில் ஹாஸ்டலுக்குப் போனேன்

சுதந்திரம் கிடைத்த புதிது. திருப்பாலைக்குடிப் பக்கமுள்ள எங்கள் சேரிக்கு வந்த தொண்டி மரைக்காயர் ஒருவர், வீட்டுக்கு ஒரு பிள்ளையை ராமநாதபுரத்தில் தன் செலவில் படிக்கவைப்பதாகச் சொன்னார். அய்யா மூத்தவளான என்னை விட்டுவிட்டு என் தங்கை பாக்கியத்தை அனுப்பினார். அவளுக்கு நீலப் பாவாடை, ஹாஸ்டல் சாப்பாடு. எனக்கோ என் விறகுச் சுமையோடு அவள் சுமந்த விறகும் சேர்ந்தது. லீவில் வந்து அவள் புத்தகம் வாசித்தால் என் வயிறு எரியும்.

லீவு முடிந்த அன்று அவள் பாவாடையைக் கட்டிக்கொண்டு, அய்யா எடுத்துவைத்த காசோடு நானே பஸ் ஏறிவிட்டேன்.

"பாக்கியம் எங்க?" என்றார் ஹாஸ்டல் டீச்சர்.

"வரமாட்டா. இனிமே நான்தான் படிக்கப் போறேன்."

மதியம் பாக்கியத்தோடு ஓடிவந்த அய்யா கையை ஓங்கினார். அவள் குறுக்கே விழுந்தாள்.

"அடிக்காதீக அய்யா. இந்த வருசம் அக்கா படிக்கட்டும், நான் விறகுக்குப் போறேன்."

இவளுக்கு மட்டும் எப்படி இப்படியொரு மனசு என்று அப்போதும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

விஷயம் தெரிந்து வந்த மரைக்காயர், "ஒரு பிள்ளைன்னு சொன்னது என் தப்பு" என்று என்னையும் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தார். சின்னஞ்சிறுசுகளுக்கு நடுவே நெட்டையாக உட்கார்ந்து படித்தேன்.

பின்னாளில் நானும் டீச்சர் ஆனேன். ஒரு பிள்ளையைப் படிக்கவைக்க எந்த வீட்டுக்குப் போனாலும், கதவுக்குப் பின்னால் நின்று பார்க்கும் இன்னொரு பிள்ளையையும் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்லி, அதையும் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பேன்.