தண்டவாளம் இல்லாத வீடு

எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த பூனைகளிலேயே திமிர் பிடித்தது வெள்ளச்சிதான் என்று அம்மா முடிவு கட்டியிருந்தாள். கூப்பிட்டால் வராது. திட்டினால் திரும்பிக்கூடப் பார்க்காது. வேற்று ஆள் யாராவது வாசலில் நிழலாடினால் மட்டும் அரிசித் தகரத்துக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டு, அவர் போய் ஒரு மணி நேரம் கழித்தே மீசையை வெளியே நீட்டும். "பெரிய ஜமீன் வீட்டுப் பொண்ணு, நாலு பேர் முன்னால வரமாட்டா" என்று அம்மா நொடித்துக்கொள்வாள். நொடித்துக்கொண்டே மீன் தலையையும் எடுத்து வைப்பாள்.

அப்போது நாங்கள் மலாய் நாட்டில், பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது. அப்பா பல வருஷம் பட்டறையில் என்ஜின் கொதிகலன்களுக்குச் சம்மட்டி அடித்துவிட்டு, பிறகு தண்டவாளம் பழுதுபார்க்கும் ஆட்களுக்கு மண்டோர் ஆகியிருந்தார். ஊரில் மேஸ்திரி என்பார்களே, அதுதான். அவர் மண்டோர் என்பதில் எனக்கிருந்த தலைக்கனம் அவருக்கே இருந்ததில்லை. கொல்லைக் கதவைத் திறந்தால் இருபதடியில் சரக்கு வண்டிப் பாதை ஓடியது.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து கொல்லைப் பக்கம் போனேன். வெள்ளச்சி இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே, கட்டையின்மேல் சாவகாசமாக உட்கார்ந்து வயிற்றை நக்கிக்கொண்டிருந்தது. பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஓர் என்ஜின் வந்துகொண்டிருந்தது. ஊதல் காதைக் கிழித்தது. பூனை நக்குவதை நிறுத்தவில்லை. நான் யோசித்து ஓடினேன் என்று இப்போது சொன்னால் பொய். ஓடிப்போய்க் கழுத்தைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கத்துச் சரளைக் கல்லில் போய் விழுந்தேன்.

அம்மா இந்தப் பக்கம் நின்றாள். பெட்டிகள் முழுவதும் கடந்து போகும்வரை நான் இருக்கிறேனா இல்லையா என்று அவளுக்குத் தெரியாது. கடைசிப் பெட்டி நகர்ந்ததும் வந்து முதுகில் நாலு வைத்தாள். பிறகு என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். வெள்ளச்சி மட்டும் அழவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பித்தளைத் தாம்பாளத்தையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு பூனைக்குப் பின்னால் போய் நின்று 'டங்' என்று அடித்தாள். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை வீறிட்டது. வெள்ளச்சி காதைக்கூட அசைக்கவில்லை. திமிரும் இல்லை, ஒன்றும் இல்லை, பிறவிச் செவிடு. இத்தனை நாள் திட்டியதெல்லாம் அதன் காதில் விழவே இல்லை என்பதில் அம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அன்று மாலை அப்பா வந்து உட்கார்ந்ததும் அம்மா அவர் எதிரே போய் நின்று சொன்னாள்: "காது கேக்காத ஜீவன் தண்டவாளத்துப் பக்கம் இருக்கக் கூடாது. இன்னைக்குத் தப்பிச்சாச்சு. நாளைக்கு?" அப்பா முகத்தைத் திருப்பித் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூனைக்காக இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று அவருக்குக் கோபம் என நினைத்துக்கொண்டேன்.

வெள்ளச்சியைக் கொல்லைக்கு விடாமல் தூணில் கட்டிப்போட்டோம். அது சாப்பிடுவதை நிறுத்திவிட்டது. அவசரமாக அதற்கு ஒரு வீடு தேடவேண்டியதாயிற்று. பால்காரரைக் கேட்டோம். அவர், "எலி பிடிக்குமா?" என்றார். "பிடிக்காது" என்றாள் அம்மா. "கூப்பிட்டா வருமா?" "வராது." "ஆளைக் கண்டா?" "ஒளிஞ்சிக்கும்." பால்காரர் செம்பில் பாலை ஊற்றிவிட்டுப் போய்விட்டார். ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளச்சியைப் பிரம்புக் கூடையில் மூடி, ரயிலேறி, கிள்ளானிலிருந்த பெரியப்பா வீட்டுக்குப் போனோம். பெரியம்மா பூனைப் பைத்தியம். பார்த்ததும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அம்மா முகம் மலர்ந்து காப்பியை வாயருகே கொண்டுபோனபோது அலமாரியில் தட்டுகள் கிடுகிடுத்தன. வீட்டுக்குப் பின்னால் துறைமுகத்துக்குப் போகும் வண்டி. "பழகிடும், நாங்கள்லாம் பழகலையா?" என்றாள் பெரியம்மா. "பழகறதுக்கும் காது வேணுமே அக்கா" என்று அம்மா எழுந்து கூடையை எடுத்துக்கொண்டாள்.

திரும்பும் வழியெல்லாம் உறவுக்காரர்களை விரல்விட்டு எண்ணினாள். காஜாங் மாமா வீடு ஸ்டேஷனுக்குப் பின்புறம். சித்தப்பாவோ கேட் காவல்காரர். அவர் வீட்டு வாசற்படியே தண்டவாளத்தில்தான் இறங்கும். "ரயிலோட சம்பந்தம் இல்லாத சொந்தம் ஒண்ணுகூட நமக்குக் கிடையாதா?" என்று அம்மா அங்கலாய்த்தது இன்றும் எனக்குச் சிரிப்பை வரவழைக்கிறது. அன்று சிரிக்கவில்லை. கூடைக்குள் கையை விட்டு எலும்பும் தோலுமான முதுகைத் தடவிக்கொண்டே வந்தேன்.

கடைசியில் வந்து காப்பாற்றியவர், சைக்கிளில் துணி மூட்டை கட்டி வரும் ஜவுளிக்கார பாய். சேலையைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தவர், தூணடியில் கிடந்த பூனையைப் பார்த்துக் கதையைக் கேட்டார். "எங்க வீட்டுக்காரி மலாய்க்காரி. பூனைன்னா தன் சோத்துல பாதிய தூக்கி வெச்சிருவா. குடுங்கம்மா, நான் கொண்டு போறேன்" என்றார்.

"உங்க கம்பத்துல ரயில் போகுமா, பாய்?" என்றாள் அம்மா. கம்பம் என்றால் மலாய்க்காரர்களின் கிராமம்.

"ரெண்டு மைலுக்கு ரயிலே கிடையாது. மாட்டு வண்டியே எப்பவாச்சும்தான் வரும்."

அதுவரை பாயின் முகத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்த அப்பா, சட்டென்று, "வீடு பலகைத் தரையா, சிமெண்டா?" என்று கேட்டார். பலகை என்றதும் எழுந்து வந்தார். "அப்ப நல்லது. கூப்பிடாதீங்க, காலால ரெண்டு தட்டுத் தட்டுங்க, பலகை அதுக்குச் சொல்லிடும். பின்னால போய்த் தொடாதீங்க, பதறிப்போயிடும். முகத்துக்கு நேரா வரணும். ஒளிஞ்சிக்குதுன்னு கோவப்படாதீங்க பாய். யாரு எப்ப வருவாங்கன்னு தெரியாத பயம் அது." அப்பா ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"மண்டோர் எப்படி இதெல்லாம் தெரிஞ்சு வெச்சிருக்கீங்க?" என்றார் பாய்.

"பட்டறையில சம்மட்டி அடிச்சவங்க பாதிப் பேருக்கு இதே கதிதான்" என்றார் அப்பா. அம்மா உள்ளே போய்விட்டாள்.

அம்மாவும் நானும் கூடவே போய் அந்த வீட்டைப் பார்த்தோம். கால்களின்மேல் நின்ற மர வீடு. அம்மா முற்றத்தில் நின்று வெகுநேரம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். சேவல் கூவிற்று. யாரோ தேங்காய் துருவினார்கள். வேறு சத்தம் இல்லை. அதன் பிறகே கூடையைக் கீழே வைத்தாள்.

மூன்று நாள் வெள்ளச்சி அலமாரிக்கு அடியிலிருந்து வரவில்லையாம். அடுத்த மாதம் பாய் வந்தபோது, "இப்ப என் தொழுகைப் பாயிலயே படுத்துக்குதும்மா. வீட்டுக்காரி ரெண்டு தட்டுத் தட்டினா வாலைத் தூக்கிட்டு ஓடுது" என்றார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சனியன் தொலைஞ்சது" என்றாள். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல்லை இறக்கியது போலிருந்தது.

அதே மாதம் அப்பா முட்டிவலி என்று எழுதிக்கொடுத்துவிட்டு, தண்டவாள வேலையிலிருந்து சாமான் கிடங்குக்கு மாறிக்கொண்டார். மண்டோர் பட்டம் போயிற்று. தோழிகளிடம் சொல்லவே எனக்கு வெட்கமாக இருந்தது. முட்டிவலிக்காரர் தினமும் குந்தி உட்கார்ந்து விறகு பிளந்ததையும் கவனித்தேன். அம்மாவோ பட்டம் போன அன்று பாயசம் வைத்தாள். எதற்கு என்று கேட்டதற்கு, பேசாமல் குடி என்றாள்.

எங்கள் வீட்டில் அப்பாவை யாரும் முதுகுப் பக்கமிருந்து கூப்பிட மாட்டோம். எதிரே போய் நின்று, அவர் நம் முகத்தைப் பார்த்த பிறகே பேச வேண்டும். அம்மா எங்களை அப்படித்தான் வளர்த்திருந்தாள். அது மரியாதை என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.