மாமனார் அணைத்த ஃபேன்

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு வைகாசி மாத முகூர்த்த நாள். மயிலாப்பூரிலிருந்து தியாகராய நகருக்குக் கல்யாணச் சாப்பாட்டை ஏற்றிக்கொண்டு நான் வண்டி ஓட்டிப் போனபோது நடந்தது இது.

என் கணவர் அப்போதுதான் சமையல் காண்ட்ராக்ட் எடுக்க ஆரம்பித்திருந்தார். சீமந்தம், ஆண்டு நிறைவு என்று சின்னச் சின்னதாகச் செய்துகொண்டிருந்த எங்களுக்குக் கிடைத்த முதல் பெரிய கல்யாணம். மண்டபத்தில் தண்ணீர்க் கஷ்டம். எங்கள் வீட்டுக் கிணறு மட்டும் அந்தக் கோடையிலும் வற்றவில்லை. அதனால் மதியச் சாப்பாட்டை எங்கள் கொட்டகையிலேயே சமைத்து எடுத்துப் போவதாக ஏற்பாடு. என் கணவர் விடியற்காலையிலேயே மண்டபத்துக்குப் போய்விட்டார். சாப்பாடு நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால் அவ்வளவுதான், அப்புறம் மயிலாப்பூரில் ஒருவரும் எங்களைக் கூப்பிட மாட்டார்கள். இந்த மாதிரிச் செய்தி மாட வீதியைச் சுற்றி வர அரை நாள்கூட வேண்டாம்.

வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏதோ ஒரு வெளிநாட்டுக் கம்பெனி, இங்கே வேலை முடிந்ததும் ஏலத்தில் விட்டுப் போன பழைய பிக்கப் அது. கார்புரேட்டர் கிடையாது, அப்போது இங்கே அபூர்வமான ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன். ராயப்பேட்டை மெக்கானிக்குகள் ஆசையாக பானெட்டைத் திறப்பார்கள், கொஞ்ச நேரம் பார்ப்பார்கள், மரியாதையாக மூடிவிடுவார்கள். இஞ்சின் சூடேறினால் ரேடியேட்டரைக் குளிர வைக்கும் எலெக்ட்ரிக் ஃபேன் தானாகவே ஓட வேண்டும். அதை ஓட வைக்கிற சென்சார் செத்துப் போய்விட்டது. வேறு வாங்கிப் போட ஊரில் எங்கும் கிடைக்கவில்லை. என் கணவர் ஒரு எலெக்ட்ரீஷியனைப் பிடித்து, பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுத்து, டாஷ்போர்டில் ஒரு சுவிட்சைப் பொருத்தச் செய்தார். வீட்டில் சுவரில் இருக்குமே, அதே வெள்ளைச் சுவிட்ச். வண்டி வேகமாகப் போகும்போது காற்றே போதும், நெரிசலில் நின்றால் சுவிட்சைப் போட வேண்டும். எனக்கு அந்த வம்பே வேண்டாம். கிளம்பும்போதே போட்டுவிட்டு, போய்ச் சேர்ந்ததும்தான் அணைப்பேன்.

அன்று என் பக்கத்து சீட்டில் வந்தவர் மாமனார். ஆள் இல்லாத அறையில் ஃபேன் ஓடினால் அந்த மனிதருக்குச் சோறு இறங்காது. நாம் கை கழுவ எழுந்து போய்த் திரும்புவதற்குள் ஃபேன் நின்றிருக்கும். எங்கள் வீட்டில் எல்லோரும் வேர்த்துக்கொண்டே வளர்ந்தவர்கள் என்று என் கணவர் கேலி செய்வார்.

ஆழ்வார்பேட்டையில் வண்டியை நிறுத்தி, இஞ்சினை அணைத்துவிட்டு, சொல்லி வைத்திருந்த தயிர் கேன்களை எடுத்துவரப் போனேன். ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். மவுண்ட் ரோடைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் சரியான நெரிசல். என் கண்ணெல்லாம் முன்னால் நின்ற பஸ் மேல்தான் இருந்தது. பானெட் இடுக்கிலிருந்து ஆவி வந்த பிறகுதான் மீட்டரைப் பார்த்தேன். முள் சிவப்பைத் தாண்டியிருந்தது.

எப்படியோ ஒரு சந்துக்குள் திருப்பி, ஓரமாக நிறுத்தி, இஞ்சினை அணைத்தேன். ஃபேன் சத்தம் கேட்கவில்லை. கெட்டுப்போய்விட்டதோ என்று பயந்துகொண்டே சுவிட்சைத் தொட்டுப் பார்த்தால், அது அணைந்திருந்தது. போட்டதும் சமர்த்தாக ஓட ஆரம்பித்தது. மாமனார் பக்கம் திரும்பினேன்.

“நான்தாம்மா அணைச்சேன்” என்றார். “நீ தயிர் எடுக்கப் போயிருந்தே. வண்டியும் நின்னுண்டிருந்துது. யாருக்காக இது சும்மா ஓடிண்டிருக்குன்னு...”

எனக்குக் கோபமான கோபம். பின்னால் அண்டா அண்டாவாகச் சாம்பார் இருக்கிறது, ரசம் இருக்கிறது, பாயசம் இருக்கிறது. ரேடியேட்டரில் ஊற்ற ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர் இல்லை.

அந்தச் சந்தில் தண்ணீர் லாரி ஒன்று நின்றுகொண்டிருந்தது. பிளாஸ்டிக் குடங்களோடு நீளமான வரிசை. மாமனார் வண்டியிலிருந்து இறங்கினார். பக்கத்து வீட்டில் ஒரு தீப்பெட்டிகூடக் கேட்டறியாதவர் அவர். நேராகப் போய், அப்போதுதான் குடத்தை ரொப்பிக்கொண்டு திரும்பிய ஒரு பெண்ணின் முன்னால் நின்றார்.

“அம்மா, என்னால ஒரு கல்யாணச் சாப்பாடு நடுத்தெருவுல நிக்கறது. கொஞ்சம் தண்ணி குடுப்பியா?”

அவள் அவரையும் பார்த்தாள், ஆவி விடுகிற வண்டியையும் பார்த்தாள். “இன்னா பெரியவரே, வண்டி கொதிக்குதா? கல்யாணச் சோறா உள்ள கீது?” என்றபடி இடுப்புக் குடத்தோடு எங்களிடம் வந்துவிட்டாள்.

ஃபேனை ஓடவிட்டு, சூடு இறங்கும்வரை காத்திருந்தோம். அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு ஒரு யுகமாகத் தெரிந்தது. அப்புறம் ஈரச் சாக்கைப் போட்டு மூடியை மெல்லத் திறந்து, இஞ்சினை ஓடவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினோம். குடம் காலி.

“உங்களுக்குத் தண்ணி?” என்று கேட்டேன்.

“அத்த நான் பாத்துக்கறேன். நீ கெளம்புக்கா, கல்யாண வூட்ல காத்துக்கினு இருப்பாங்க” என்று சொல்லிவிட்டு, காலிக் குடத்தோடு வரிசையின் கடைசிக்குப் போய் நின்றாள்.

மண்டபத்துக்குள் நுழைந்தபோது முதல் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். வாசலில் நின்ற என் கணவரின் முகத்தில் ஈயாடவில்லை. எங்களைக் கண்டதும் ஓடி வந்து அண்டாவை இறக்க ஆரம்பித்தார். சாப்பிட்டவர்களுக்கு எதுவும் தெரியாது. பாயசத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார்கள்.

பந்திகள் முடிந்து பாத்திரங்களை ஏற்றும்போது, மாமனார் பெரிய தூக்கு ஒன்றில் பாயசத்தை ரொப்பிக்கொண்டு முன் சீட்டில் ஏறினார். “அந்தச் சந்து வழியாப் போம்மா” என்றார். எனக்குக் கோபமெல்லாம் எப்போதோ போயிருந்தது.

லாரி போயிருந்தது. அவள் வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் கிடைத்ததா என்று மாமனார் கேட்டதற்குச் சிரித்தாள். எதிர்வீட்டுப் பெண்தான் சொன்னாள். “எங்க கெடச்சுது? அது முறை வர்றதுக்குள்ள லாரி காலி. அப்பால நாங்கதான் ஆளுக்கு ஒரு சொம்பு ஊத்தி அது கொடத்த ரொப்பி வுட்டோம்.”

மாமனார் தூக்கைத் திறந்து, வீடு வீடாகப் போய் அவரே பாயசம் ஊற்றினார். நானும் ஒரு வாசற்படியில் உட்கார்ந்து அவர்களோடு குடித்தேன்.

அடுத்த வாரமே ரிலே ஒன்று வைத்து, சாவி போட்டால் ஃபேன் தானாக ஓடுகிற மாதிரி மாற்றிவிட்டோம். அந்தக் கல்யாணத்தைப் பார்த்துத்தான் அடுத்த கல்யாணமும், அதற்கடுத்ததும் வந்தன. எங்கள் சமையலை யாராவது புகழ்ந்தால் என் கணவர் சமையல்காரர்களைக் கைகாட்டுவார். எனக்கு மட்டும் தெரியும், எங்கள் பிழைப்பு அந்தச் சந்துப் பெண்கள் தங்கள் குடத்தைச் சாய்த்து ஊற்றிய ஆளுக்கொரு சொம்புத் தண்ணீரில் நிற்கிறது.